பரணில் கிடக்கும் வானொலி: பழைய கேசட்டுகளைப் பிரதியெடுத்துக் காலம் கண்டறியும் முறை

வானொலியிலிருந்து பதிவு செய்த பழைய கேசட் கையில் கிடைத்தால், பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் வரும் பேச்சைப் பலர் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாட்டு வேறு நூறு இடங்களில் கிடைக்கும். "நேரம் எட்டு மணி பதினைந்து நிமிடம்" என்று சொன்ன அந்தக் குரல் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். அன்றைய அலைவரிசை அறிவிப்பும், செய்திக்கு முன் ஒலித்த பீப் சத்தமும், இடையில் வந்த விளம்பரமும் அப்படித்தான். பெரிய வித்வான்களின் கச்சேரிகளையும் தலைவர்களின் உரைகளையும் நிலையங்கள் பாதுகாத்தன. அறிவிப்பாளர் நேரடியாகப் பேசிய பேச்சு பெரும்பாலும் பதிவே ஆகவில்லை. டேப் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், பதிவானதையும் அழித்துவிட்டு அதன் மேலேயே மறுபடி பதிவது உலகெங்கும் நிலையங்களின் வழக்கம். அகில இந்திய வானொலியும் இலங்கை வானொலியும் அன்றாடம் எப்படி ஒலித்தன என்பதற்கு உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதே ஒரே சாட்சியாகக்கூட இருக்கலாம்.

போட்டுக் கேட்பதற்கு முன்

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும். முதல் வேலையாக இரண்டையும் உடைத்து எடுத்துவிடுங்கள். பிறகு யாராவது தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது. அடுத்து கேசட்டின் உறை, அட்டை, ஒட்டுச் சீட்டு எல்லாவற்றையும் இருபுறமும் படம் எடுங்கள். பென்சிலில் எழுதிய தேதி துடைத்தால் போய்விடும் என்பதால் படம் எடுத்த பிறகே துடைக்க வேண்டும்.

ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்தது போலத் தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். அந்தக் கேசட்டைத் தனியே எடுத்து, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு வாரம் வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிடு உள்ளே போகும். வெயிலிலும் காய வைக்காதீர்கள், டேப் சுருங்கி நெளியும். ஈரம் போனபின் பூஞ்சை உலர்ந்த தூளாகிவிடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் திறந்த வெளியில் தட்டி எடுக்கலாம்.

டேப்பின் பின்னால் செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பஞ்சு மெத்தையையும் பாருங்கள். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லையென்றால் டேப் ஹெட்டில் அழுந்தாது, சத்தம் மங்கி மங்கி வரும். ஐந்து திருகு உள்ள நல்ல காலிக் கேசட் ஒன்றைத் திறந்து, டேப்பை அதன் கூட்டுக்கு மாற்றுவதுதான் சரியான வழி. திருகில்லாமல் ஒட்டிய கூடாக இருந்தால் விளிம்பில் மெல்லிய கத்தியால் நெம்பித் திறக்கலாம். அந்தக் கூடு போனால் பரவாயில்லை, டேப்பில் கத்தி படக் கூடாது. அறுந்த டேப்பை ஒட்ட அதற்கென்று விற்கும் ஸ்ப்ளைசிங் டேப்தான் வேண்டும். செல்லோ டேப்பின் பசை சில மாதங்களில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளோடு ஒட்டிக்கொள்ளும்.

கேசட் ஓட்டும் டெக்கின் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கக்கூடும். ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பிறகு கேசட்டை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்துங்கள். சி-60 (60 நிமிட) கேசட்டின் டேப் ஏறத்தாழ 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. சி-120 இருந்தால் வேக ஓட்டத்தைத் தவிருங்கள், அது இழுபடும், மாட்டும்.

கேசட் கூடு இல்லாமல் திறந்த சுருளாக வரும் ஸ்பூல் டேப்புக்குத் தனி எச்சரிக்கை உண்டு. விளக்கின் எதிரே பிடித்தால் சுருளின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவினால் அது அசிட்டேட் டேப். மூக்கருகே வைத்தால் வினிகர் வாடை வந்தால் சிதையத் தொடங்கிவிட்டது, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். 1970, 80-களின் சில பாலியெஸ்டர் ஸ்பூல்கள் ஓடும்போது கீச்சிட்டு, ஹெட்டில் பழுப்புப் பசையை விடும். உடனே நிறுத்திவிடுங்கள். அவற்றைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் பதப்படுத்த வேண்டும், அது அனுபவசாலியின் வேலை. அசிட்டேட் டேப்பை எக்காரணம் கொண்டும் சூடாக்கக் கூடாது. ஓடும்போது பேச்சோடு பேச்சாகத் தலைகீழ்ப் பேச்சும் கேட்டால் டேப் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். நான்கு தடப் பதிவை இரண்டு தட எந்திரத்தில் ஓட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

பிரதியெடுத்தல்

பலரும் தவறவிடுவது ஹெட்டின் சாய்வு. வானொலியும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில் பதிந்திருக்கும். உங்கள் டெக்கின் ஹெட் அந்தக் கோணத்தில் நிற்காவிட்டால் கூர்மையான ஒலிகள் அடங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்னத் திருகு இதற்குத்தான். அதன் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சானல்களையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாக ஹெட்போனில் கேட்டபடி, அரைக்கால் சுற்று அளவில் இருபுறமும் திருப்பிப் பாருங்கள். பாட்டை வைத்துப் பார்ப்பதைவிடப் பேச்சை வைத்துப் பார்ப்பது நல்லது. "செய்திகள்" என்ற சொல்லின் சகரம் பளிச்சென்று விழும் இடத்தில் நிறுத்துங்கள். இதை ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். பிறகு நிரல் போட்டுச் சரி செய்துகொள்ளலாம் என்று விட்டால் முடியாது, ஹெட் படிக்காத ஒலியை எந்த மென்பொருளும் கொண்டுவராது.

இரைச்சல் குறைக்கும் டால்பி பட்டன் அணைந்திருக்கட்டும். வீட்டு டூ-இன்-ஒன்கள் அநேகமாக டால்பி இல்லாமல்தான் பதிந்தன. டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஒலி இடைமுகத்துக்கு ஒயர் கொடுங்கள். மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் ஒலி நசுங்கும், தானாக ஏறி இறங்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவு ஏறத்தாழ 1 ஜிபி வரும். மூலப் பதிவு மோனோ என்றாலும் இரண்டு சானலையும் எடுங்கள். டேப்பின் ஒரு விளிம்பு நெளிந்திருக்கும் இடத்தில் மற்ற சானல் கைகொடுக்கும். மிக உரத்த இடம் -6 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் சரி.

பக்கத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் ஒரே கோப்பாக எடுங்கள். நடுவில் பாஸ் போட்ட "டக்" சத்தமும் தகவல்தான். அங்கே வேறொரு நாள் தொடங்குகிறது என்று அது சொல்கிறது. சிற்றலையின் ஏற்ற இறக்கம், பக்கத்து நிலையத்தின் கசிவு, மைக்கால் பதிந்திருந்தால் வீட்டுக் கடிகாரத்தின் மணி, எதையும் மூலக் கோப்பிலிருந்து நீக்காதீர்கள். இரைச்சல் குறைப்பதெல்லாம் நகலில் செய்துகொள்ளலாம்.

வேகத்தைச் சரிபார்க்க வானொலியே ஒரு அளவுகோல் தந்திருக்கிறது. செய்திக்கு முன் வரும் பீப் ஒலிகள் வினாடிக்கு ஒன்று. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்து, ஐந்து இடைவெளிகளின் மொத்த நீளத்தை அளவிடுங்கள். சரியாக 5 வினாடி வர வேண்டும். 4.85 வந்தால் டேப் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. நகலை 0.97 மடங்கு வேகத்துக்கு மாற்றுங்கள். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளைதான் வேண்டும், டெம்போ மட்டும் மாறுவது அல்ல. பதிந்த எந்திரத்தில் பேட்டரி இறங்க இறங்க வேகம் குறைந்த பதிவுகள் ஏராளம் என்பதால், பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பீப் கிடைத்தால் இரண்டையும் அளந்துவிடுங்கள். பாடகரின் சுருதியை வைத்து வேகம் முடிவு செய்யாதீர்கள், கட்டை ஆளுக்கு ஆள் மாறும். ஒலிபரப்பு தொடங்கும்போது வரும் அகில இந்திய வானொலியின் அடையாள இசை டேப்பில் இருந்தால் அதுவும் உதவும். வால்டர் கௌஃப்மன் 1930-களில் சிவரஞ்சனியை ஒட்டி அமைத்த அந்த இசையின் ஒரே பதிவுதான் பல்லாண்டுகள் ஒலித்தது. ஒப்பிட எடுக்கும் பிரதி சரியான வேகத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலம் கண்டறிதல்

இங்கேதான் வானொலியின் வரலாறு உங்கள் கைக்கு வருகிறது. முறை எளிது. டேப்பில் கேட்கும் ஒவ்வொரு துப்பும் "இதற்கு முன் இருக்க முடியாது" (கீழ் எல்லை) என்றோ "இதற்குப் பின் இருக்க முடியாது" (மேல் எல்லை) என்றோ ஒரு எல்லையைத் தரும். எல்லைகளை எழுதிக்கொண்டே வந்தால் நடுவில் ஒரு சிறு இடைவெளி மிஞ்சும். நினைவை நம்பி முதலிலேயே ஆண்டை எழுதிவிட்டுப் பிறகு துப்புத் தேடாதீர்கள், தேடுவதே கிடைக்கும்.

அலைவரிசை எண்தான் மிக உறுதியான துப்பு. மத்திய அலையில் நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருந்தன. ஜெனீவாவில் 1975-ல் போட்ட திட்டப்படி, 1978 நவம்பர் 23 முதல் நம் பகுதியில் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ் ஆனது. ஆகவே அறிவிப்பாளர் சொல்லும் எண்ணை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். திருச்சியின் 936 மீதியில்லாமல் வகுபடும், 10-ஆல் வகுபடாது. அந்த எண் கேட்டால் பதிவு 1978 நவம்பருக்குப் பிந்தையது. சென்னை விவித் பாரதியின் 783-ம் அப்படித்தான். ஆனால் சென்னை முதல் அலைவரிசையின் 720 இரண்டாலும் வகுபடும், எனவே அது எதையும் நிரூபிக்காது. இந்த இடத்தில் சறுக்குபவர்கள் நிறைய. எண் தெளிவாகக் கேட்காமல் மீட்டர் மட்டும் கேட்டால் 3,00,000-ஐ மீட்டரால் வகுங்கள், கிலோஹெர்ட்ஸ் வந்துவிடும். 416.6 மீட்டர் என்றால் 720. "கிலோஹெர்ட்ஸ்" என்பதற்குப் பதில் "கிலோசைக்கிள்" என்று கேட்டால் இன்னும் பழையது என்று கொள்ளலாம், நாள் குறிக்க முடியாது. சிற்றலைக்கு இந்த 9-10 கணக்கு பொருந்தாது. பண்பலை என்று அறிவித்தால் 1977 ஜூலை 23-க்கு முன் இருக்க வழியில்லை. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு அன்று சென்னையில்தான் தொடங்கியது.

அடுத்தது நிலையத்தின் பெயர். இதில் தமிழ் ஒரு வேடிக்கையான சிக்கலை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆயிற்று. தமிழ் அறிவிப்பில் அது முன்பும் சென்னைதான், ஆகவே தமிழ் அறிவிப்பு துப்பாகாது. அதே டேப்பில் ஆங்கில அறிவிப்பு ஒன்று வந்து "மெட்ராஸ்" என்று சொன்னால், மேல் எல்லை கிடைத்துவிடும். கொழும்பிலும் இதே கதை. ரேடியோ சிலோன் 1967 ஜனவரி 5-ல் சட்டப்படி கூட்டுத்தாபனம் (கார்ப்பரேஷன்) ஆனது. நாடு 1972 மே 22-ல் ஆங்கிலத்திலும் ஸ்ரீலங்கா என்று மாறியபோது கூட்டுத்தாபனத்தின் ஆங்கிலப் பெயரும் மாறியது. தமிழில் இரண்டு காலத்திலும் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமே. எனவே "கூட்டுத்தாபனம்" என்ற சொல் 1967-க்குப் பின் என்று காட்டும், 1972-ஐக் காட்டாது. "இலங்கை வானொலி" என்ற செல்லப்பெயர் எப்போதும் புழங்கியதால் அதை எல்லையாகக் கொள்ளக் கூடாது. கொழும்பின் வர்த்தக சேவை 1950 செப்டம்பர் 30-ல் தொடங்கியது என்பது விளம்பரத்துக்குக் கீழ் எல்லை.

அகில இந்திய வானொலிக்கு அந்தப் பெயர் 1936 ஜூன் 8-ல் வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-லும், திருச்சி 1939 மே 16-லும் தொடங்கின. "ஆகாசவாணி" என்ற பெயர் 1935-ல் மைசூரில் எம்.வி. கோபாலசாமி நடத்திய தனியார் நிலையத்துடையது. அகில இந்திய வானொலி அதை எடுத்துக்கொண்டது 1950-களின் பிற்பகுதியில். தமிழ்நாட்டில் அந்தப் பெயரை ஏற்பதில் நீண்ட பிணக்கு இருந்ததால், "ஆகாசவாணி" கேட்கவில்லை என்பதை வைத்து 1956-க்கு முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள். தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியில் "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று கேட்டால், அதைத் தமிழ் நிலையங்கள் எல்லாமே அஞ்சல் செய்தன என்பதை நினைவில் வையுங்கள். எந்த நிலையத்திலிருந்து பதிந்தது என்பதை அந்தச் செய்தி சொல்லாது, அதற்கு முன்னோ பின்னோ வரும் உள்ளூர் அறிவிப்புத்தான் சொல்லும்.

விவித் பாரதி 1957 அக்டோபர் 3-ல் தொடங்கியது, அதில் விளம்பரம் வந்தது 1967 நவம்பரில், முதலில் பம்பாய்ப் பக்கம். இதற்குப் பின்னணி தெரிந்தால் டேப்பைப் புரிந்துகொள்வது சுலபம். தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில், 1952-ல் தொடங்கி, திரைப்படப் பாடல்கள் அகில இந்திய வானொலியில் ஓரங்கட்டப்பட்டன. நேயர்கள் கொழும்பு பக்கம் திரும்பினார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட வந்ததே விவித் பாரதி. ஆகவே 1950-களின் நடுப்பகுதி ஸ்பூலில் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி இருந்தால், இலங்கை வானொலியா என்று முதலில் பாருங்கள். குரல் அடையாளம் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டலாம். எஸ்.பி. மயில்வாகனன் என்றால் ஆரம்பகாலம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்றால் பின்னாள். குரல் அடையாளம் துணைச் சான்றுதான், தனித்து நிற்காது.

பேச்சில் உதிரும் சொற்களையும் பிடியுங்கள். விளம்பரத்தில் "நயா பைசா" வந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964-க்கும் இடையில். செய்தியில் மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் தமிழ்நாடு என்று வந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரி 14-க்குப் பின். வானொலியை நடத்தும் அமைப்பாக "பிரசார் பாரதி"யைச் சொன்னால் 1997 நவம்பருக்குப் பின். விவசாய நிகழ்ச்சிதானே என்று தள்ளிவிடாதீர்கள். ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி ஒரு பேச்சு இருந்தால், அது 1960-களின் நடுவில் திருச்சி நிலையம் தஞ்சை உழவர்களிடம் கொண்டுசேர்த்த ரகம். ரேடியோ நெல் என்றே ஊரில் பெயர் பெற்றது. அந்தப் பதிவு கிடைத்தால் கச்சேரியைவிட அரிது.

ஒரு கேசட்டில் இதெல்லாம் எப்படிச் சேரும் என்று பாருங்கள். 936 கிலோஹெர்ட்ஸ் என்ற அறிவிப்பு, ஆகவே 1978 நவம்பருக்குப் பின். நேயர் விருப்பத்தில் வந்த பாட்டுகளில் மிகப் புதிய படம் 1982-ல் வெளியானது, ஆகவே கீழ் எல்லை 1982. ஆங்கில அறிவிப்பில் "மெட்ராஸ்", ஆகவே 1996-க்குப் பின் இல்லை. மிகப் புதிய பாட்டு கீழ் எல்லைதான் தருகிறது, பதிவான ஆண்டை அல்ல. இனி நேரடியாக வந்த பகுதியைத் தேடுங்கள்: மாநிலச் செய்தி, வானிலை, பண்டிகை வாழ்த்து, கிழமையோடு சேர்ந்த தேதி. "தை முதல் நாள், வெள்ளிக்கிழமை" என்று ஒரு துணுக்கு போதும், நாட்காட்டியைப் பார்த்தால் மிஞ்சிய பதினைந்து ஆண்டுகள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். நாடகமும் கச்சேரியும் மறு ஒலிபரப்பாக இருக்கலாம், எனவே அவற்றின் காலம் வேறு, டேப்பின் காலம் வேறு. பிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியதே 1963-ல். அதற்கு முந்தைய நிகழ்ச்சி கேசட்டில் இருந்தால் அது மறு ஒலிபரப்பு, அல்லது வேறு டேப்பிலிருந்து எடுத்த பிரதி.

நிகழ்ச்சி நிரலோடு ஒப்பிட முடிந்தால் நாளே கிடைத்துவிடும். அகில இந்திய வானொலி தமிழில் "வானொலி" என்ற இதழையும், ஆங்கிலத்தில் "இந்தியன் லிசனர்" இதழையும் வெளியிட்டு, நாள்வாரியாக நிகழ்ச்சிகளை அச்சிட்டது. இந்தியன் லிசனரின் பழைய இதழ்கள் இணைய ஆவணகத்தில் (archive.org) படிக்கக் கிடைக்கின்றன. ஒரு பெயர் பொருந்தினால் போதாது. அடுத்தடுத்து வரும் இரண்டு நிகழ்ச்சிகளாவது அதே வரிசையில் பொருந்த வேண்டும். இதழ் முன்கூட்டியே அச்சானது, கடைசி நேர மாற்றங்கள் அதில் இருக்காது.

எழுதி வைத்தலும் பாதுகாத்தலும்

கோப்பின் பெயரில் டேப் எண்ணும் பக்கமும் மட்டும் இருக்கட்டும், ஊகித்த ஆண்டை அங்கே எழுதாதீர்கள். கூடவே ஒரு உரைக் கோப்பு வையுங்கள். அதில் நிமிடக் கணக்கோடு என்ன வருகிறது, கேட்ட அறிவிப்பு எழுத்துக்கு எழுத்து, ஒவ்வொரு எல்லையும் எந்தத் துப்பிலிருந்து வந்தது, எந்த டெக்கில் ஓட்டியது, வேகத்தை எவ்வளவு திருத்தினீர்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். "03:12 – அறிவிப்பு, ஆண் குரல், 936 கிலோஹெர்ட்ஸ்; 1978 நவம்பருக்குப் பின்" என்ற அளவில் போதும். கேசட் உறையில் எழுதியிருந்த தேதியை "உறையில் உள்ளபடி" என்று தனியே குறியுங்கள். ஒரே உறையில் பல கேசட்டுகள் மாறி மாறி இருந்திருக்கும்.

மூலக் கோப்பை ஃப்ளாக் (FLAC) என்ற சுருக்கிய வடிவம் ஆக்கினால் ஏறத்தாழ பாதி இடம் மிஞ்சும், ஒலியில் எதுவும் குறையாது. எம்பி3 கேட்க மட்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். கோப்பின் கைரேகை போன்ற எம்டி5 எண்ணை எழுதி வைத்தால், கோப்பு கெட்டிருக்கிறதா என்று ஆண்டுக்கொருமுறை சோதிக்கலாம்.

பொதுவில் ஏற்றுவதற்கு முன் உரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிபரப்புக்கு 25 ஆண்டு, கலைஞரின் உரிமைக்கு 50, ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. ஒரே டேப்பில் மூன்றும் கலந்திருக்கும். ஈழத்து, இலங்கைத் தமிழ்ப் பதிவுகளுக்கு "நூலகம்" என்ற மின்னூலக நிறுவனத்தையும், தமிழ்நாட்டுப் பதிவுகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் அணுகிக் கேட்கலாம். கொடுக்கும்போது வெட்டாத மூலக் கோப்பையும் உரைக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

பிரதியெடுத்தாயிற்று என்று கேசட்டைக் குப்பையில் போட வேண்டாம். கடைசி வரை ஓட்டி, ஒரே சீராகச் சுற்றியபடி, உறைக்குள் செங்குத்தாக நிற்க வைத்து, ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகில் இல்லாத உலர்ந்த அலமாரியில் வையுங்கள். உறையின் உள்பக்கம் டேப் எண்ணையும், ஹெட் திருகைக் குறியிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினீர்கள் என்பதையும் பென்சிலில் எழுதி வையுங்கள்.